ஒரு கடன், இரண்டு சின்னண்ணன்

புதுச்சத்திரம்,
12.8.2025, செவ்வாய்.

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டிப் பிழைக்கும் சித்தப்பா மகன் தம்பி சின்னண்ணனுக்கு, புதுச்சத்திரத்திலிருந்து பெரியப்பா மகன் சின்னண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி கண்ணாத்தாளும் மகள் சௌமியாவும் உடம்பளவில் சுகம். மனசளவில் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. அங்கு நீயும் உண்ணாமலையும் மகன் தனுஷும் நலமாக இருக்கக் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். கோபத்தில் எழுதினாலும் நலம் விசாரிக்காமல் எழுதினான் என்ற பேர் எனக்கு வேண்டாம். போனில் கேட்டிருக்கலாமே என்று நீ நினைப்பாய். போனில் நான் என்ன கேட்டாலும் நீ "செரிங்கண்ணா" என்பாய், அதோடு என் கோபம் பாதி இறங்கிவிடும். இந்தத் தடவை இறங்கக் கூடாது என்றுதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் நம் பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் வினையே அங்குதான் ஆரம்பித்தது. தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். என் அப்பா கந்தன், மூத்த மகன் நான், பெயர் என் பிள்ளைக்கு என்றார். உன் அப்பா கருப்பண்ணன், கடைசி வரை வைத்துச் சோறு போட்டது நான், பெயர் என் பிள்ளைக்கு என்றார். பதினோரு நாள் இடைவெளியில் நாம் பிறந்தோம். இரண்டு பேருக்கும் சின்னண்ணன். இரண்டு பேருக்கும் இன்சியல் க. எனக்கு இளையவனான உன்னை அண்ணன் என்று முடிகிற பெயரால் ஐம்பத்தைந்து வருடமாகக் கூப்பிட்டு வருகிறேன், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் "எப்பப் பொறந்தானுக?" என்று கேட்டார். "மழை பேஞ்சப்பங்க" என்றாராம் என் அப்பா. "அதுக்கு முந்தின வெள்ளாமையிங்க" என்றாராம் உன் அப்பா. அவர் இரண்டு பேருக்கும் 1.6.1970 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு நம்மோடு சேர்ந்த இருபத்தி மூன்று பிள்ளைகளும் அதே தேதியில்தான் பிறந்தார்களாம்! ஆக, க. சின்னண்ணன், புதுச்சத்திரம், பிறந்த தேதி ஒன்று ஆறு எழுபது. இதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் உன்னையும் என்னையும் எப்படிப் பிரிக்கும்? நம்மைப் பெற்றவர்களே பிரிக்கவில்லை.

இனி நடந்ததைக் கேள். சௌமியா பன்னிரண்டாவதில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று எடுத்தது உனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதிக்குள் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கட்ட வேண்டும், தவறினால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். கல்விக் கடனுக்கு எழுதிக் கொடுத்தோம். பாங்கி மேனேஜர் சுகன்யா மேடம் என்னை எதிரில் உட்காரவைத்து, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, "சார், உங்க சிபில் ஸ்கோர் ஐந்நூத்தி எண்பத்தி மூணு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சௌமியாவைத் தட்டி, "பாத்தியா சாமி, உன்னையக் காட்டி நாப்பத்திரண்டு மார்க்கு ஜாஸ்தி" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேனேஜர் மெதுவாக, "சார், இது தொள்ளாயிரத்துக்கு. எழுநூறுக்குக் கீழே இருந்தா நாங்க கடன் கொடுக்கிறது கஷ்டம்" என்றார். அதாவது இந்த வயசில், பெற்ற பெண்ணுக்கு முன்னால், நான் மறுபடியும் ஃபெயில்.

என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டேன். ஒரு காகிதத்தை அச்சடித்துக் காட்டினார். 2016-ல் நாமக்கல் பொன்னி மங்களம் ஃபைனான்ஸில் க. சின்னண்ணன் வாங்கிய வண்டிக் கடன், கடன் எண்ணின் கடைசி நாலு எண் 0417, கடைசியாகப் பணம் கட்டியது 2018 ஜூலை, பாக்கி ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூறு, அதற்கு நேராக இங்கிலீஷில் ஏதோ இரண்டு வார்த்தை. தமிழில் சொல்லுங்கள் என்றேன். "தள்ளுபடி" என்றார். அப்பாடா என்று எழுந்து கும்பிட்டேன். சொசைட்டியில் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது நாம் வெடி வெடித்தோமா இல்லையா? தள்ளுபடியான கடனுக்கு என்னம்மா பேச்சு என்றேன். மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், அது அரசாங்கம் உங்களுக்காகத் தள்ளுபடி பண்றது. இது அவங்க, இந்தாளுகிட்ட இனிப் பணம் வராதுன்னு கணக்கிலே தள்ளி வெச்சது. கடன் அப்படியேதான் இருக்கு" என்றார். ஒரே வார்த்தைக்கு நம் ஊரில் வெடி, அவர்கள் ஆபீசில் சங்கு. எந்த ஊர் நியாயம் இது?

நான் அந்தக் கடனை வாங்கவில்லை என்று மேஜையைத் தட்டிச் சொன்னேன். என் வண்டிக் கதை உனக்குத் தெரியாததா? நானும் ஒரு குட்டியானை வாங்கினேன், முட்டை லோடு ஓட்டினேன், கட்டுப்படியாகவில்லை, 2018 மாசியில் மல்லசமுத்திரத்துக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். மீதி டியூவை அவர் கட்டிக்கொள்வது என்று பேச்சு. கடைவாசலில் நின்று டீ குடித்தோம், சாவியைக் கையில் கொடுத்தேன், முடிந்தது. ஒரு பைசா யாருக்கும் வைக்காதவன் நான். அதே காலத்தில் குட்டியானை வைத்திருந்த இன்னொரு க. சின்னண்ணன் உலகத்தில் யார்? பாவு நூல் ஏற்றுகிறேன், சரக்கு இறக்குகிறேன் என்று பள்ளிபாளையத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் பாலத்தைத் தேய்த்தது யார்? நீதான்.

ஆதாரம் இல்லாமல் பேசுகிறவன் அல்ல நான். நேராக அந்த ஃபைனான்ஸ் ஆபீசுக்கே போனேன். முன்பு இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. இம்தியாஸ் என்று ஒரு பிள்ளை, தங்கமான குணம், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது. கையெழுத்துப் போட்ட பத்திரமெல்லாம் ஹெட் ஆபீஸ் குடோனில் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் பெயரும் பிறந்த தேதியும் புதுச்சத்திரமும் மட்டும்தான் இருந்தன. ஆனால் வசூலுக்குப் போன ஆள் எழுதிய குறிப்பு ஒன்று இருந்தது. அதை அந்தப் பிள்ளை எனக்குப் படித்துக் காட்டியது. "11.3.2019. பார்ட்டியின் ஊர் புதுச்சத்திரம் என்றாலும் ஆள் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறார். நேரில் பார்த்தது. கட்டிருவாருங்க, கொஞ்சம் பொறுங்க என்றார்." கேட்டாயா? கட்டிருவாருங்க! கடன்காரன் கதவைத் தட்டினால் கட்டிருவேன் என்று சொல்ல வேண்டியதுதானே? உன்னைப் பற்றி நீயே கட்டிருவாரு என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறாய். நாய்க்குட்டிக்குக்கூட ங்க போட்டுப் பேசுகிறவன் என்று உன்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். உனக்கே நீ ங்க போட்டுக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. அந்த இம்தியாஸ் பிள்ளை சிரிப்பை அடக்கியது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உன் வாய்மொழியே உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது தம்பி.

அங்கிருந்து நாமக்கல் கோர்ட்டுக்கு எதிரில் வக்கீல் மோகன்குமாரிடம் போனேன். முழுதும் கேட்டுவிட்டு, "கவலையே படாதீங்க, இது காலாவதியான கடன்" என்றார். கடைசியாகப் பணம் கட்டி மூன்று வருடம் தாண்டிவிட்டால் கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாதாம். அப்புறம் ஏன் என் பெண்ணுக்குச் சீட் போகிறது என்றேன். "அது வேற, இது வேற. கேஸ் போட முடியாது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில இருக்கறது இருந்துட்டுதான் இருக்கும்" என்றார். கோர்ட்டுக்குக் காலாவதி, கம்ப்யூட்டருக்குக் காலாவதி இல்லை! காலாவதியான மாத்திரையைக் கடைக்காரன் விற்றால் பிடித்து உள்ளே போடுகிறார்கள். காலாவதியான கடனை நம் பெயருக்கு நேராக ஒட்டிவைத்தால் கேட்க ஆளில்லை. கிளம்பும்போது வக்கீல் என்னைத் திருப்பிக் கூப்பிட்டு, "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. யாரு கேட்டாலும் இந்தக் கடனைக் கட்டறேன்னு எழுத்தில குடுத்துக் கையெழுத்துப் போட்டுடாதீங்க. போட்டா செத்த கடனுக்கு உயிர் வந்துரும்" என்றார். என் கடனாக இருந்தால்தானே நான் எழுதிக் கொடுக்க? அந்த ஒரு வரிக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ரிப்போர்ட்டில் தப்பு இருக்கிறது என்று புகாரும் கொடுத்தேன். பதில் வர முப்பது நாள் ஆகுமாம். என்னிடம் இருந்ததோ இருபத்தொரு நாள். அப்போதுதான் கரண்டுக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன், 'சிபில் ரிப்பேர், ஒரே நாளில், கியாரண்டி' என்று. ரேடியேட்டர் ரிப்பேர், பம்பு ரிப்பேர் மாதிரி இதற்கும் ஆள் வந்துவிட்டான் போலிருக்கிறது என்று சேலத்துக்குப் பஸ் ஏறினேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறை. நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பதினைந்து நிமிடத்தில் ஒரு காகிதத்தை லேமினேஷன் செய்து சூடாகக் கையில் கொடுத்தான். ஸ்கோர் தொள்ளாயிரத்து ஐம்பது! பூ வைத்த தட்டில் வைக்காத குறையாக அதைக் கொண்டுபோய்ச் சுகன்யா மேடம் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், மொத்த மார்க்கே தொள்ளாயிரம்தான்" என்றார். திரும்பிப் போய்ப் பார்த்தால் அந்த மாடி அறையில் பூட்டு. நாலாயிரத்து ஐந்நூறும் உன் கணக்கில்தான் சேரும், எழுதி வைத்துக்கொள்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு நாமக்கல்லுக்கு வந்து உன் கடனைக் கட்டு. அறுபதாயிரம் கொடுத்தால் செட்டில் செய்துகொள்வதாக இம்தியாஸ் சொல்கிறது. ஆசைப்பட்டு அதில் விழுந்துவிடாதே. செட்டில் என்றால் நம் பக்கம் எவ்வளவு கௌரவமான பேச்சு? பெண்ணைக் கட்டிக் கொடுத்துச் செட்டில் பண்ணிட்டேன், பையன் திருப்பூரில் செட்டில் ஆயிட்டான் என்கிறோம். அந்த ரிப்போர்ட்டில் செட்டில் என்று எழுதினால் பாதியைக் கொடுத்துவிட்டு மீதிக்குக் கையை விரித்தவன் என்று அர்த்தமாம். அதற்கும் மார்க் குறையுமாம். முழுப் பணத்தையும் கட்டி, கடன் முடிந்தது என்று எழுதி வாங்கு. பிறகு இது பெரியப்பா மகன் கடன் அல்ல என்று ஒரு காகிதம் எழுதிக் கொடு.

உனக்கு நான் புத்தி சொல்வது இது முதல் தடவை அல்ல. 2022-ல் குலதெய்வம் கோயில் பந்தியில் உண்ணாமலை வந்து, வீட்டுக் கடன் கொடுக்க மாட்டோம் என்று பாங்கியில் சொல்லிவிட்டார்கள், ஏதோ பழைய வண்டிக் கடன் என்கிறார்கள் என்று கண் கலங்கியதும், கறிக்கொழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னால் நான் என்ன சொன்னேன்? "வாங்குனா கட்டோணும் தம்பி. கட்ட வக்கில்லைன்னா வாங்கக் கூடாது" என்றேன். நீ இலையைப் பார்த்துக்கொண்டே "செரிங்கண்ணா" என்றாய். அன்றைக்கே அதைக் கட்டியிருந்தால் உன் வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்குமா? மூன்று வருடமாகச் சிமெண்டு ஷீட்டைப் போட்டுக்கொண்டு மழைக்கு ஒழுகி, வெயிலுக்கு வெந்து, தனுஷுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்களெல்லாம் வீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறார்கள். உன் பையன் வாழ்க்கையைக் கெடுத்தது போதாது என்று என் பெண் படிப்பிலும் கை வைக்கிறாய். "ஆடித் தள்ளுபடியில ரெண்டு சுடிதார் எடுத்து வெச்சேன், திருப்பிக் குடுத்தர்றேம்பா" என்று சௌமியா நேற்றுச் சொன்னாள். நம் தாத்தா பேரை இரண்டு பேர் சுமக்கிறோம், ஒருவராவது ஒழுங்காகச் சுமக்க வேண்டாமா?

இதற்கு மேல் எழுதினால் வாயில் தகாத வார்த்தை வரும். தறி சுகமாக ஓடட்டும், நூல் அறுபடாமல் இருக்கட்டும், தனுஷுக்கு நல்ல இடம் அமையட்டும். உண்ணாமலை முட்டிவலிக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று அண்ணி சொல்லச் சொன்னாள். பெரியவன் என்ற முறையில் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பதினோரு நாள் மூத்தவனும், எக்காலத்திலும் யாருக்கும் கடன் வைக்காதவனுமான
க. சின்னண்ணன்.

பி.கு. (14.8.2025, வியாழன்)

தம்பி, மேலே உள்ளதை முடித்துக் கவரில் போட்டு, ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி உன் அண்ணியிடம் கொடுத்தேன். அவள் ஒட்டவில்லை, படித்தாள். படித்துவிட்டு, "ஏனுங்க, கடன் நம்பரு நாலு பூச்சியம் ஒண்ணு ஏழா, பூச்சியம் நாலு ஒண்ணு ஏழா?" என்றாள். பூச்சியம் நாலு ஒன்று ஏழு என்றேன். "இருங்க, வாரேன்" என்று போய்ப் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்துவந்தாள். என் குட்டியானைக்குக் கடன் வாங்கிய பத்திரத்தின் நகல் அதில் இருந்தது. பொன்னி மங்களம் ஃபைனான்ஸ். 0417. அடியில் என் கையெழுத்து. போட்டதோடு சரி, மாசா மாசம் டியூ கட்டியது உன் அண்ணிதான், எந்த ஃபைனான்ஸ் என்றுகூட நான் கேட்டதில்லை.

"மல்லசமுத்திரத்துக்காரரு அஞ்சு டியூ கட்டீட்டு உட்டுட்டாருங்க போல. நீங்க வண்டியத்தான் வித்தீங்க, கடனை விக்கலீங்க" என்றாள். நாங்கள் டீ குடித்ததும் சாவி கைமாறியதும் ஃபைனான்ஸ்காரருக்கு எப்படித் தெரியும்? உன் வண்டி கடனில் வாங்கியது என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். உண்ணாமலை கைவளையலை விற்று ரொக்கத்துக்கு வாங்கியது என்று இப்போதுதான் சொல்கிறாள் இவள்.

சௌமியா சீட்டுக்குப் பயம் இல்லை. நேற்று உன் அண்ணியை அழைத்துக்கொண்டு பாங்கிக்குப் போனேன். இத்தனை வருடமாக நகைக் கடன் வாங்கி, ஒரு நாள் தவறாமல் திருப்பிய புண்ணியம், உன் அண்ணியின் ஸ்கோர் எழுநூற்று எண்பத்தொன்று. என் இடத்தில் அவளை வைத்துக் கடன் கொடுக்கிறார்கள். இனி இந்த ஊட்டில் என் பேச்சு எடுபடாது. அது கிடக்கட்டும்.

2019 மார்ச் பதினொன்றாம் தேதி எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். தொடை எலும்பு முறிந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். தறியை நிறுத்திவிட்டுப் பதினாறு நாள் என்னோடு நீதான் இருந்தாய். இடையில் ஒரு நாள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனாய். அன்றைக்குத்தான் அந்த ஆள் ஊரில் சின்னண்ணன் எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்து உன் கதவைத் தட்டியிருக்கிறான். கட்டிருவாருங்க, கொஞ்சம் பொறுங்க என்று நீ சொன்னது உன்னையல்ல, என்னை. திரும்பி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாய், ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துப் பந்தியில் அத்தனை பேர் முன்னால் நான் பேசியபோதும் சொல்லவில்லை. உன் வீடு லிண்டலோடு நிற்பது என்னால். எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். "கிழிக்காதீங்க. திட்டுனதும் சேந்தே போகட்டும்" என்று அண்ணி பிடுங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆடுகளை விலைக்குப் பிடிக்க வியாபாரி வருகிறார். முழுப் பணத்தையும் கட்டி, செட்டில் இல்லை, முடிந்தது என்று எழுதி வாங்குவேன். அதுவரைக்கும், எழுத்தில் கொடுக்காதே என்று வக்கீல் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னதை இங்கே எழுத்தில் கொடுக்கிறேன். இந்தப் பக்கத்தை உன் பாங்கியில் காட்டு, பந்தியில் இருந்தவர்களுக்கும் காட்டு.

0417 எண்ணுள்ள கடன் என்னுடையது. கருப்பண்ணன் மகன் சின்னண்ணனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிருவேனுங்க.

க. சின்னண்ணன்,
த/பெ கந்தன்.